மூன்று இரைச்சல்கள்: மாணவர் ஒலிப்பதிவு அறையைச் சரிசெய்த வேலைக் குறிப்பு

எங்கள் பல்கலைக்கழக ஊடகத் தொடர்பியல் துறையின் ஒலிப்பதிவு அறை ஒருவழியாகச் சரியாகிவிட்டது. மைக்கைத் திறந்துவைத்து, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்தால் முன்பு மைனஸ் 44 டெசிபலில் இரைச்சல் கிடக்கும் (பதிவில் உச்ச அளவு சுழியம்; மைனஸ் எண் கூடக் கூட ஒலி குறைவு). இப்போது அதே மைக், அதே கெயின் (மிக்ஸர் ஒலியைப் பெருக்கும் அளவு), மைனஸ் 62. இடையில் 18 டெசிபல். அலையின் உயரமாகப் பார்த்தால் எட்டில் ஒரு பங்கு. புதிதாக ஒரு மைக்கோ மிக்ஸரோ வாங்கவில்லை. மொத்தச் செலவு 43,000 ரூபாயை ஒட்டி வந்தது. இதே நிலையில் பல கல்லூரி ஸ்டூடியோக்கள் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன் என்பதால், செய்த வேலையைச் செய்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

முதலில் இடம். தரைத்தளத்தில் மூன்று அறைகள். பெரியது டிவி ஃப்ளோர்: பச்சைத் திரை, மேலே விளக்குக் கம்பிகள். நடுவில் கன்ட்ரோல் ரூம். அதை ஒட்டி ஒலிப்பதிவு அறை. நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் ஒன்பதரை அடி. சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் கட்டு. வானொலி நாடகம், ஆவணப்படத்துக்கான குரல், பாட்காஸ்ட் எல்லாம் மாணவர்கள் இங்கேதான் பதிவு செய்கிறார்கள். நான் இங்கே தொழில்நுட்ப உதவியாளர்.

பல்கலைக்கழகங்களில் ஸ்டூடியோ என்பது நம் நாட்டில் வேறொரு தேவைக்காக வந்தது. 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 'கன்ட்ரிவைடு கிளாஸ்ரூம்' என்ற பாட நிகழ்ச்சி தூர்தர்ஷனில் தொடங்கியது. அதற்கு நிகழ்ச்சி தயாரிக்கும் மையங்கள் பல பல்கலைக்கழகங்களில் உருவாயின. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அப்படி வந்த மையங்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே பாடம் நடத்துபவர் பேராசிரியர். கருவியைத் தொடுபவர் பயிற்சி பெற்ற பொறியாளர். 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்எம் 90.4 ஒலிக்கத் தொடங்கியது. வளாகத்துக்குள்ளேயே ஒரு வானொலி நடத்த முடியும் என்ற நம்பிக்கை அதிலிருந்துதான் மற்ற கல்லூரிகளுக்கும் பரவியது. மாணவர் ஸ்டூடியோவின் கஷ்டம் இங்கேதான் வருகிறது. கருவியைத் தொடுபவர் பொறியாளர் இல்லை. சாயங்காலம் ஆறரை மணிக்குத் தனியாக உட்கார்ந்து, நாளைக்குக் கொடுக்க வேண்டிய அசைன்மென்டைப் பதிவு செய்யும் முதலாமாண்டு மாணவி. அவளுக்கு இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தெரியாது. தன் குரல்தான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள். அப்படி நினைத்துக் குரல் வேலையையே விட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த வேலையை இவ்வளவு பிடிவாதமாகச் செய்தேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

இரைச்சலைப் பற்றி எல்லோரும் ஒரே வார்த்தையில்தான் சொன்னார்கள்: "ஹம்மிங் வருது அண்ணா." ஹெட்போனை மாட்டிப் பொறுமையாகக் கேட்டபோது அதில் ஒன்றல்ல, குறைந்தது இரண்டு ஒலிகள் இருந்தன. ஒன்று 'உம்' என்று அடியில் கிடந்தது. இன்னொன்று 'ஜிர்ர்' என்று முள் மாதிரிக் குத்தியது. ஜிர்ர் எப்போதும் வராது. டிவி ஃப்ளோரில் யாராவது ஷூட்டிங் செய்யும்போது மட்டும் வரும்.

முதலில் எல்லோரையும் போலக் கேபிளைத்தான் சந்தேகப்பட்டோம். மைக் கேபிள்களை மாற்றிப் பார்த்தோம். கொஞ்சமும் குறையவில்லை. அடுத்து மிக்ஸரைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பினோம். பழுது ஏதும் இல்லை என்று அப்படியே திரும்பி வந்தது. போக்குவரத்துச் செலவும், அந்த வாரத்துப் பதிவுகளும் வீண். இரண்டுமே ஊகத்தில் செய்தவை. தேடுவதற்கு ஒரு கருவி வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

அந்தக் கருவியை நீங்களே செய்யலாம். மைக் கேபிள்களில் இருக்கும் எக்ஸ்எல்ஆர் வகையில் ஒரு ஆண் பிளக் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மூன்று பின்கள் இருக்கும். ஒன்றாம் பின் கிரவுண்டு, இரண்டும் மூன்றும் சிக்னல். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு 150 ஓம் ரெசிஸ்டரைச் சால்டர் செய்து மூடிவிடுங்கள். ஒன்றாம் பின்னைத் தொட வேண்டாம். இது மைக் மாதிரி நடிக்கும், ஆனால் காதில்லாத மைக். மைக்கைக் கழற்றிவிட்டுக் கேபிள் முனையில் இதைச் செருகினால், இரைச்சல் அப்படியே இருக்கிறதா, போய்விடுகிறதா என்று பார்க்கலாம். அப்படியே இருந்தால் அது கம்பி வழியாக வருகிறது. போய்விட்டால் காற்று வழியாக மைக்குக்குள் வருகிறது. பிளக் 320 ரூபாய், ரெசிஸ்டர் 2 ரூபாய். இந்த அறையில் இதைவிடப் பயனுள்ள பொருளை நான் வாங்கியதில்லை. மாணவர்கள் இதற்கு 'செவிட்டு மைக்' என்று பெயர் வைத்து, சிவப்பு டேப் சுற்றி, ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார்கள்.

செவிட்டு மைக்கைச் செருகியும் உம், ஜிர்ர் இரண்டும் அப்படியே இருந்தன. ஆக, இரண்டும் கம்பி வழியாக வருகின்றன.

ஜிர்ரை முதலில் பிடித்தோம், அது சுலபம். டிவி ஃப்ளோரின் பழைய ஹாலஜன் விளக்குகள், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் ஓடுகின்றன. ஒரு மாணவனை டிம்மரை மெல்ல ஏற்றச் சொல்லிவிட்டு, நான் ஹெட்போனில் கேட்டேன். முழுதாக அணைத்தால் இல்லை. முழுதாக ஏற்றினால் குறைவு. பாதியில் நிறுத்தினால் அதிகம். டிம்மர் ஒவ்வொரு அரை அலையையும் நடுவில் வெட்டித் தருவதால், பாதி வெளிச்சத்தில்தான் வெட்டு மிகக் கூர்மையாக விழும். அது மைக் கம்பிக்குள் எப்படிப் போனது என்று, சுவரில் ஒயர்கள் ஓடும் கேசிங் கேப்பிங்கின் மூடியைத் திறந்து பார்த்தால் விடை உள்ளேயே கிடந்தது. டிம்மருக்குப் போகும் கரண்ட் ஒயரும் மைக் ஒயரும் ஒரே கேசிங்கில் இருபது அடிக்கு அருகருகே போகின்றன. கட்டடம் கட்டியபோது அப்படியே இழுத்திருக்கிறார்கள்.

மைக் ஒயரை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். இரட்டைக் கம்பியும் அவற்றைச் சுற்றி உலோக உறையும் (ஷீல்டு) உள்ள பேலன்ஸ்டு கேபிள், மீட்டர் 75 ரூபாய், 40 மீட்டர். கரண்ட் ஒயரைத் தாண்ட வேண்டிய ஒரே இடத்தில் நேர்குறுக்காகத் தாண்ட விட்டோம். பழைய சுவர்ப் பெட்டியில் இருந்த கனெக்டர்கள் துருப்பிடித்திருந்ததால் எட்டையும் மாற்றினோம். சால்டரிங் முழுவதும் மாணவர்கள். இரண்டாம் பின்னையும் மூன்றாம் பின்னையும் மாற்றிச் சால்டர் செய்த இடங்களை மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை வைத்து அவர்களே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டார்கள். ஜிர்ர் போய்விட்டது.

உம் போகவில்லை.

இங்கே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறையில் பழைய வெள்ளை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று இருந்தது. "அதுல போட்டா இரைச்சல் வராது அண்ணா" என்று சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, ஆண்டுக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்தார்கள். திறந்து பார்த்தேன். பச்சை ஒயர், அதாவது எர்த் ஒயர், உள்ளே வெட்டப்பட்டு டேப் சுற்றப்பட்டிருந்தது. இரைச்சல் நின்றது உண்மைதான். ஆனால் அதில் மாட்டிய ஆம்ப்ளிஃபயரில் எங்காவது லீக்கேஜ் வந்தால், கரண்ட் போக வழியில்லாமல் பெட்டியின் உடம்பில் நிற்கும். அடுத்துத் தொடுபவர் ஹெட்போன் மாட்டிய மாணவராக இருப்பார். இரைச்சலை நிறுத்த எர்த்தை வெட்டும் பழக்கம் பல ஸ்டூடியோக்களில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அந்தப் பெட்டியின் ஒயரை அன்றே நறுக்கிக் குப்பையில் போட்டேன்.

ஆனால் அந்தப் பெட்டி நல்ல துப்பு கொடுத்தது. எர்த்தை வெட்டினால் இரைச்சல் நிற்கிறது என்றால், பிரச்சினை எர்த்தில்தான். பல்கலைக்கழகத்தில் கரண்ட் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருக்கிறது. அவர் மீட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். கன்ட்ரோல் ரூம் பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றரை வோல்ட். ஒலிப்பதிவு அறைப் பாயிண்டில் 11 வோல்ட். "தம்பி, இந்த ரூமுக்கு எர்த்தே இல்ல, பேருக்குத்தான் இருக்கு" என்றார். கட்டடத்தின் பின்னால் போய் எர்த் குழியைத் திறந்தோம். கரியும் உப்பும் போட்ட பழைய முறைக் குழி. யாரும் தண்ணீர் ஊற்றாததால் உள்ளே தூசு மாதிரி உலர்ந்து கிடந்தது. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை அரித்து, போல்ட் கையோடு வந்தது.

நடந்தது இதுதான். கன்ட்ரோல் ரூம் மிக்ஸர் யுபிஎஸ் வழியாக நல்ல எர்த்தில் இருக்கிறது. ஒலிப்பதிவு அறையில் இருக்கும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் அந்தக் கெட்டுப்போன எர்த்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரு சாதாரண ஒற்றைக் கம்பிக் கேபிள் இணைக்கிறது. இரண்டு எர்த்துக்கும் இடையில் இருந்த வோல்ட் வித்தியாசம் அந்தக் கேபிளின் ஷீல்டு வழியாகத் தன்னைச் சமன்செய்துகொள்ளப் பார்க்கிறது. அந்த 50 ஹெர்ட்ஸ் கரண்ட்தான், அதாவது விநாடிக்கு ஐம்பது அலையாக ஓடும் கரண்ட்தான், காதில் 'உம்'.

குழியை மறுபடி கரி போட்டு நிரப்பலாமா என்று யோசித்தோம். வெயில் காலத்தில் வாரம்தோறும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். யாரும் ஊற்றமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். அதனால் செம்பு பூசிய மூன்று மீட்டர் கம்பியை இறக்கி, சுற்றிலும் எர்த்திங் பவுடர் நிரப்பினோம். 6,500 ரூபாய். அதோடு, ஒலிக் கருவிகள் அத்தனைக்கும் யுபிஎஸ்ஸிலிருந்து ஒரே தனி லைன், ஒரே எர்த். 2.5 ஸ்கொயர் ஒயர், சாக்கெட் எல்லாம் சேர்த்து 5,200. அந்தப் பாயிண்டுகளுக்கு மட்டும் ஆரஞ்சு நிற பிளேட் போட்டு 'ஒலிக் கருவி மட்டும்' என்று தமிழில் எழுதியிருக்கிறோம். போன் சார்ஜரை அதில் மாட்டக் கூடாது. மீட்டர் இப்போது ஒரு வோல்ட்டுக்குக் கீழே காட்டுகிறது. உம் நின்றது.

நின்றது என்றுதான் நினைத்தோம். மறுநாள் மத்தியானம் பதிவு செய்த மாணவன் ஃபைலோடு வந்து நின்றான். அதே உம், முன்பைவிடச் சன்னமாக. செவிட்டு மைக்கைச் செருகினேன், சுத்தமாக இல்லை. மைக்கை மாட்டினேன், வருகிறது. இப்போது அது காற்று வழியாக வருகிறது.

இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் அந்த ஃபைலைத் திறந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் பார்க்கும் இடத்தில் அளவை 65536 என்று வைத்தேன். அவ்வளவு பெரிதாக வைத்தால் ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைவான வித்தியாசம் தெரியும். மின்சாரத்தால் வரும் ஹம் என்றால் முனை 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். இது 50இல் இல்லை. 47க்கும் 48க்கும் நடுவில் நின்றது. கரண்டுக்கு நெருக்கமாக, ஆனால் அதைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றுவது எது? மோட்டார். ஏசி கம்ப்ரஸருக்குள் இருக்கும் மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்ற வேண்டிய இடத்தில் பாரத்தால் 2,850 போலச் சுற்றும். விநாடிக்கு நாற்பத்தேழரை. எங்கள் ஏசி இன்வெர்ட்டர் இல்லாத பழைய மாடல், கம்ப்ரஸர் ஓடினால் ஒரே வேகம்தான். வெளி யூனிட் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், ஒலிப்பதிவு அறையின் பின்சுவரிலேயே பிராக்கெட் அடித்து மாட்டியிருக்கிறது.

சுவர் அதிர்கிறது, சரி. ஒன்பது அங்குலச் சுவருக்கு இவ்வளவு சத்தம் எப்படி என்பது மட்டும் புரியவில்லை. டேப்பை எடுத்து அறையின் நீளத்தைக் கணக்குப் போட்டேன். 12 அடி என்றால் 3.66 மீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 345 மீட்டர். அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ். அதாவது இந்த அறை தன் நீளவாக்கில் இயல்பாகவே முழங்கும் ஒலியும், கம்ப்ரஸரின் ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்ற நேரத்தில் தள்ளிக்கொண்டே இருப்பது போல, சுவரின் சிறு அதிர்வை அறை பெரிதாக்கித் தந்துகொண்டிருந்தது. அறையின் நடுவில் நின்றால் குறைவு, சுவர் ஓரம் போனால் அதிகம் என்று மாணவர்கள் சொன்னதும் இதனால்தான். பதிவு மேசை பின்சுவரை ஒட்டி இருந்தது.

வெளி யூனிட்டைச் சுவரிலிருந்து கழற்றி, தரையில் கான்கிரீட் கட்டை வைத்து, ஒரு அங்குல ரப்பர் பேடு மேல் உட்கார வைத்தோம். செம்புக் குழாயில் ஒரு வளையம் விட்டோம். நேராக விறைப்பாக வந்தால் குழாயே அதிர்வைச் சுவருக்குக் கொண்டுபோய்விடும். கேஸ் நிரப்பியதோடு 4,800 ரூபாய். மேசையை அறையின் நீளத்தில் ஏறத்தாழ நடுவுக்கு நகர்த்தினோம். 47 ஹெர்ட்ஸ் முனை கிட்டத்தட்டத் தரைமட்டமாகிவிட்டது. உள்ளே இருக்கும் யூனிட்டின் காற்றுச் சத்தத்துக்கு எங்களிடம் முழுத் தீர்வு இல்லை. பதிவுக்கு முன் அறையைக் குளிரவைத்து, பதிவு நேரத்தில் ஏசியை நிறுத்த வெளியே ஒரு சுவிட்ச் போட்டோம். வைகாசி வெயிலில் இருபது நிமிடம் தாங்கும்.

இதற்கிடையில் மிக்ஸரின் நான்காம் சேனல் தனியாகத் தொல்லை கொடுத்தது. மிக்ஸரிலிருந்து கேபிள் வழியாகவே கரண்ட் வாங்கும் கண்டென்சர் மைக் போட்டால் மட்டும் கரகரக்கும். பின்களில் மீட்டர் வைத்தால் இரண்டிலும் 48 வோல்ட் வர வேண்டும். மூன்றாம் பின்னில் 31தான் வந்தது. உள்ளே ஒரு கெப்பாசிட்டர் லீக் ஆகியிருந்தது. 47 மைக்ரோஃபாரட், 63 வோல்ட். மாற்றினோம், சரியானது.

அமைதி வந்த பிறகுதான் அறையின் சத்தம் காதில் விழ ஆரம்பித்தது. குரல்கள் பானைக்குள் பேசுவது போல மந்தமாக வந்தன. சுவர் முழுவதும் முன்பே ஒரு அங்குல முட்டை அட்டை ஃபோம் ஒட்டியிருக்கிறார்கள். ஸ்டூடியோ என்றாலே இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு மெல்லிய ஃபோம் மேல் சுரங்களை மட்டும் உறிஞ்சும். கீழே இருப்பதை அப்படியே விட்டுவிடும். தமிழ் பேசும் குரலுக்கு இது பெரிய கேடு. ல, ள, ழ மூன்றையும் காது பிரித்துக் கேட்பதற்கான தகவல் மேலே இருக்கிறது. அது மங்கி, அடியில் ஆண் குரலின் கனம் மட்டும் முழங்கினால், நன்றாக உச்சரிக்கும் பிள்ளையின் ழகரமும் ளகரமாகக் கேட்கும். எங்கள் சோதனை வாசகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் சருக்கி வழுவழுக்கிக் கீழே விழுந்தான்.' இதை ஒரே மாணவியைப் பழைய அறையிலும், வெளியே வேப்பமரத்தடியிலும் படிக்கவைத்துப் பதிவு செய்தோம். மரத்தடியில் காக்கைச் சத்தம் இருந்தாலும் ழ தெளிவாக இருந்தது.

அளவெடுத்தோம். ரூம் ஈக்யூ விசார்டு என்ற இலவச மென்பொருள், ஒரு அளவீட்டு மைக், அது இல்லாதபோது பிறந்தநாள் பலூனும் ஊசியும். ஒலி அடங்க எடுக்கும் நேரம் மேல் சுரங்களில் 0.2 விநாடி. கீழே 125 ஹெர்ட்ஸில் 0.7. இந்த ஏற்றத்தாழ்வுதான் மந்தம்.

ஃபோமைப் பிய்த்தெடுத்தது மிகவும் அலுப்பான வேலை. பசை பெயின்டையும் கூட்டிக்கொண்டு வந்தது. பிய்த்ததில் ஒரு துண்டை வெளியே கொண்டுபோய்த் தீக்குச்சி காட்டினோம். சொட்டுச் சொட்டாக எரிந்து கரும்புகை விட்டது. ஒரே கதவு உள்ள அறையில் இது நான்கு சுவரிலும் இருந்திருக்கிறது. ஒலி ஒருபுறம் இருக்கட்டும், இந்த ஒரு காரணத்துக்காகவே அதை எடுத்திருக்க வேண்டும்.

பதிலுக்கு ராக் வூல், அதாவது கல்லை உருக்கி இழுத்த நார்ப் பலகை. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 50 மில்லிமீட்டர் கனம், நாலுக்கு இரண்டு அடி ஸ்லாப், ஒன்று 190 ரூபாய், மொத்தம் 24. இது எரியாது. ரீப்பர் சட்டம் அடிக்க 250 அடி மரம், அடி 16. மேலே போர்த்த காடாத் துணி, 28 மீட்டர், மீட்டர் 70. துணியைத் தேர்ந்தெடுக்க ஒரு எளிய வழி: வாயில் வைத்து ஊத வேண்டும். மூச்சு தடையில்லாமல் போனால் ஒலியும் போகும். கடையில் காட்டிய அழகான சோபாத் துணிகள் எல்லாம் இதில் தோற்றன.

ஆசாரி முதல் சட்டத்தை மட்டும் செய்து காட்டினார். "மூலை மட்டம் பார்த்துக்கோங்க தம்பி, மத்தது தானா வரும்" என்று சொல்லிவிட்டு, மீதியைப் பிள்ளைகளிடம் விட்டு மேற்பார்வை பார்த்தார். அவருக்கும் உதவியாளுக்கும் கூலி 4,000. முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் கட்டாயம். ராக் வூல் நார் தோலில் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும். சட்டத்தின் பின்பக்கம் மெல்லிய நான்-ஓவன் துணி அடித்தோம், நார் உதிராமல் இருக்க. பன்னிரண்டு பலகைகளைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினோம். இந்த இடைவெளியை விடாமல் செய்யுங்கள். பைசா செலவில்லாமல் கீழ்ச் சுரங்களில் பலகையின் வேலை கூடும். மீதிப் பன்னிரண்டு ஸ்லாப்களை இரண்டிரண்டாக அடுக்கி, கதவு இல்லாத மூன்று மூலைகளில் குறுக்காக, எட்டடி உயரத்துக்கு நிறுத்தினோம். ஆணி, ஸ்டேப்ளர், கொக்கி 960 ரூபாய். பலகைக் கணக்கு மட்டும் 15,480 வந்தது.

இப்போது மேலே 0.25, கீழே 125 ஹெர்ட்ஸில் 0.4. இன்னும் சமமாகவில்லை, ஆனால் குரல் வெளியே வந்துவிட்டது. அதே மாணவி அதே வாக்கியத்தைப் படித்தாள். வாழைப்பழம் வாழைப்பழமாகவே கேட்டது.

கடைசியாகக் கதவு. சாதாரண ஃப்ளஷ் டோர், அடியில் முக்கால் அங்குல இடைவெளி. ஏழுக்கு மூன்று அடிக் கதவின் பரப்பில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, கதவை இரும்பில் செய்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. இது தெரியாமல் கனமான கதவு வாங்க விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய கதவிலேயே உள்பக்கம் 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒட்டி, நிலையைச் சுற்றி ரப்பர் பீடிங் அடித்து, அடியில் ஒரு மரப்படி வைத்து, அதிலும் ரப்பர் ஒட்டினோம். கூலியோடு 5,600. கதவு சாத்தும்போது கடைசி அரை அங்குலம் அழுத்தித்தான் போக வேண்டும். அந்த அழுத்தம்தான் வேலை செய்கிறது. வராந்தாவில் செருப்புச் சத்தம் இப்போது பதிவில் விழுவதில்லை. பெல் சத்தம் விழுகிறது. அதற்கு நேர அட்டவணையைப் பார்த்துப் பதிவு செய்வதைத் தவிர வழியில்லை.

மறுபடி செய்வதாக இருந்தால் சிலவற்றை மாற்றுவேன். மிக்ஸரை அனுப்பும் முன் செவிட்டு மைக்கையும் மல்டிமீட்டரையும் எடுப்பேன். அந்த ஒரு வேலை முதலில் நடந்திருந்தால் எதையும் சந்தேகத்தின் பேரில் தொட்டிருக்க மாட்டோம். சுவர்ப் பலகைகளையும் 100 மில்லிமீட்டராகப் போடுவேன், கூடுதல் செலவு 2,300க்குள்தான். வெள்ளைக் காடாத் துணி சீக்கிரம் அழுக்காகிறது, சாயம் போட்டே வாங்கியிருக்கலாம். ஒரு ஒப்பந்தக்காரர் இந்த அறைக்கு இரண்டே முக்கால் லட்சம் விலை சொன்னார். அதில் எர்த்தைப் பற்றியும் ஏசியைப் பற்றியும் ஒரு வரி இல்லை. முழுக்கச் சுவர் அலங்காரம். பணம் வந்திருந்தால் அந்த வேலைதான் நடந்திருக்கும், மூன்று இரைச்சலும் அப்படியே இருந்திருக்கும். துறைத்தலைவர் மேடம் அந்தக் கோப்பில் கையெழுத்துப் போடாமல் எங்களுக்கு ஒரு கோடைக்காலம் கொடுத்தார். அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

மாணவர்களுக்கான வழிமுறையை ஒரே தாளில் எழுதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்சம் மைனஸ் 12ஐத் தாண்டக் கூடாது. பேசத் தொடங்கும் முன் முப்பது விநாடி வெறும் அறையைப் பதிவு செய்ய வேண்டும். வெட்டி ஒட்டும்போது இடைவெளி நிரப்ப அது வேண்டும், இரைச்சல் திரும்பி வந்தால் கண்டுபிடிக்கவும் அதுதான் உதவும். அந்த முப்பது விநாடிகளைத் தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் சேர்த்துவருகிறோம். அளவு மைனஸ் 58க்கு மேல் ஏறினால் என்னைக் கூப்பிட வேண்டும். இதுவரை ஒரு முறை கூப்பிட்டார்கள். யாரோ ஆரஞ்சு சாக்கெட்டில் லேப்டாப் சார்ஜரை மாட்டியிருந்தார்கள்.

அடுத்தது டிவி ஃப்ளோர். டிம்மரில் ஓடும் ஹாலஜன்களை எல்இடிக்கு மாற்றக் கருத்துரு கொடுத்திருக்கிறேன். வெப்பம் குறைந்தால் அங்கே ஏசியின் வேகத்தையும் குறைக்கலாம், அப்போது காலர் மைக்கில் காற்றுச் சத்தமும் குறையும். அங்கே எதிரொலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று முதலில் அளக்க வேண்டும். அந்த வேலையை இரண்டாமாண்டு மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பலூன் பாக்கெட்டும் டேப்பும் வாங்கியாயிற்று, செமஸ்டர் தேர்வு முடிந்ததும் தொடங்குகிறார்கள்.